கண்காணிப்புத் திரை 38 நொடி என்கிறது, கவுண்டரில் கண் இமைப்பதற்குள் விடை வருகிறது: எதை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்கிறீர்கள். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஆறு கிளைகள், மொத்தம் பத்து கவுண்டர்கள், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வேலை. தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ். சென்ற மாதம் அதைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றினீர்கள். உங்களுக்கு முன் இருந்தவர் எழுதிவைத்த நிரல் ஒன்று எண்களைச் சேகரித்து, அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா என்ற கருவியின் திரைக்கு அனுப்புகிறது. அடகுக்கு இன்றுவரையான வட்டியைக் கணக்கிடும் வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, கவுண்டர்களிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 12,000 தடவை ஓடுகிறது என்றும், ஒரு தடவைக்குச் சராசரியாக 38 நொடி எடுக்கிறது என்றும் அந்தத் திரை சொல்கிறது. கவுண்டரில் இருப்பவர்களோ, கணக்கு எண்ணைத் தட்டியதுமே தொகை வந்து நிற்கிறது என்கிறார்கள். மேலாளர் திரையை நம்பிப் புதிய சர்வருக்கு விலைப்புள்ளி வாங்கிவிட்டார். யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். நான் அதை இப்படிக் கேட்பேன்: அந்த 38 எந்த அலகில் பிறந்தது, திரைக்கு வரும் வழியில் அதன் பக்கத்தில் ‘நொடி’ என்று எழுதியது யார்?

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரவுத்தள நிர்வாகம்தான் என் தொழில். சென்னையில் ஆரக்கிளில் தொடங்கி, எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்று ஒவ்வொன்றாகப் பழகி, இப்போது காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே சில நிறுவனங்களுக்குப் பார்த்துக்கொடுக்கிறேன். உங்கள் திரையையோ நிரலையோ நான் பார்த்ததில்லை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது, 38 நொடி என்பது நடக்கவே முடியாத எண். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். 12,000 தடவையைப் பத்து கவுண்டருக்குப் பிரித்தால் ஒரு கவுண்டருக்கு 1,200. ஒன்பது மணி நேரம் என்பது 32,400 நொடி. ஆக, ஒவ்வொரு கவுண்டரிலும் 27 நொடிக்கு ஒரு தடவை இந்த வினவல் ஓடுகிறது. ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறந்தால் அவருடைய அடகு ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை என்று வரிசையாக ஓடும் என்பதால் எண்ணிக்கை இவ்வளவு இருப்பதில் வியப்பில்லை. ஆனால் 27 நொடிக்கு ஒரு தடவை ஓடுவது, ஒவ்வொரு தடவையும் 38 நொடி எடுத்துக்கொள்ள முடியுமா? முந்தையது முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும், வரிசை நீண்டுகொண்டே போகும், பத்து மணிக்கெல்லாம் கவுண்டரில் கூச்சல் கிளம்பியிருக்கும். இதையே இன்னொரு விதமாகவும் போடலாம். 12,000 ஐ 38 ஆல் பெருக்கி 32,400 ஆல் வகுத்தால் 14 வருகிறது. அதாவது எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக 14 வினவல்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பத்து பேர் மட்டுமே உட்கார்ந்திருக்கும் இடத்தில் பதினான்கு ஓட முடியாது. வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை கிடைக்கும் என்ற இந்த உறவை 1961இல் ஜான் லிட்டில் நிறுவினார், அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நொடியை மில்லி நொடியாக, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக மாற்றிப் பாருங்கள்: ஒரு நாள் முழுவதற்கும் 456 நொடி வேலை. கவுண்டரில் இருப்பவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

இனி ஊகம். பழைய பதிப்பின் எண்ணை நீங்கள் சொல்லவில்லை, அதில்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன். போஸ்ட்கிரெஸில் வினவல்களின் நேரத்தைச் சேகரிப்பது பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சி, அதாவது கூடுதலாக இணைக்கும் சிறு மென்பொருள். அதில் மொத்த நேரத்தைச் சொல்லும் நெடுவரிசைக்கு முதலில் ‘டோட்டல் டைம்’ என்று பெயர். 9.1 பதிப்பு வரை அது நொடியில் இருந்தது. 2012இல் வந்த 9.2 பதிப்பில் அதை மில்லி நொடிக்கு மாற்றினார்கள், பெயரை மாற்றவில்லை. 2020இல் வந்த 13ஆம் பதிப்பில் பெயரை ‘டோட்டல் எக்ஸெக் டைம்’ என்று மாற்றினார்கள், அலகை மாற்றவில்லை. ஆக, அலகு மாறியபோது பழைய நிரல்கள் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருந்தன. பெயர் மாறியபோதுதான் பிழை காட்டி நின்றன. உங்களுக்கு முன் இருந்தவர் 9.1 காலத்தில் அந்த நிரலை எழுதி ‘நொடி’ என்று குறித்திருந்தால், அன்றைக்கு அவர் செய்தது முற்றிலும் சரி. சென்ற மாதம் பதிப்பு மாறியதும் நிரல் நின்றிருக்கும். நெடுவரிசை இல்லை என்ற பிழையைப் பார்த்து யாரோ புதிய பெயரைப் போட்டிருப்பார்கள், நிரல் மறுபடி ஓடியிருக்கும், எல்லோரும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அலகைப் பற்றி யாருக்கும் நினைவு வந்திருக்காது. இப்படித்தான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நிரலில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள், அதை மாற்றிய தேதியையும் பாருங்கள்.

ஊகத்தை வைத்துக்கொண்டு மேலாளரிடம் போக வேண்டாம், சோதித்துவிட்டே போங்கள். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக, மின்னணுத் தராசின் கண்ணாடி மூடியைத் திறந்து, முத்திரையிட்ட எடைக்கல் ஒன்றை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைப்பார். எண் ஓடி நிற்கும். கல்லில் பொறித்திருப்பதும் தராசு காட்டுவதும் ஒன்றாக இருந்தால்தான் முதல் நகை தட்டில் ஏறும். தரவுத்தளத்துக்கும் அப்படி ஒரு எடைக்கல் உண்டு. பிஜி ஸ்லீப் என்ற கட்டளைக்கு 5 என்று கொடுத்தால் தரவுத்தளம் சரியாக ஐந்து நொடி சும்மா இருந்துவிட்டுத் திரும்பும். கிட்டத்தட்டச் செயலிச் சுமையே இல்லை. ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதை ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் நீட்சியின் மூல எண்ணை எழுதிவைத்துக்கொண்டு வித்தியாசத்தைப் பாருங்கள். வித்தியாசம் 5,000ஐ ஒட்டி இருக்கும். பிறகு திரைக்குப் போங்கள். அங்கே 5 நொடி என்று இருந்தால் அலகு சரி. 5,000 நொடி என்றோ, 83 நிமிடம் 20 நொடி என்றோ, 1.39 மணி நேரம் என்றோ இருந்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த நீட்சி வினவலில் உள்ள எண்களை அழித்துவிட்டு ஒரே வார்ப்பாகத்தான் சேமிக்கும். நீங்கள் ஐந்து நொடிக்குத் தூங்கச் சொன்னதும், வேறு ஒருவர் போன வாரம் அறுபது நொடிக்குத் தூங்கச் சொன்னதும் ஒரே வரியில் கலந்து சராசரியாகும். அதனால்தான் முன்னும் பின்னும் பார்த்து வித்தியாசம் எடுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டுத் தொடங்கும் கட்டளையும் உண்டு; வேலை நடக்கும் தரவுத்தளத்தில் அதைத் தொடாதீர்கள், இத்தனை நாள் சேர்ந்த கணக்கு முழுவதும் போய்விடும்.

இது உங்கள் நிரலில் மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். தரவுத்தளங்களே ஆளுக்கொரு அலகு வைத்திருக்கின்றன. ஆரக்கிளில் வினவல்களின் நேரம் மைக்ரோ நொடியில், அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் இருக்கும். காத்திருப்புப் பட்டியலில் ‘டைம் வெயிட்டட்’ என்ற நெடுவரிசை சென்டி நொடியில், அதாவது நொடியில் நூறில் ஒரு பங்கில் இருக்கும். அதே பட்டியலில் ‘மைக்ரோ’ என்று பெயரில் சேர்த்த இன்னொரு நெடுவரிசை மைக்ரோ நொடியில் இருக்கும். மைஎஸ்கியூஎல்லில் நேரக் கணக்கை வைத்திருக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா பிக்கோ நொடியில் எழுதும், அதாவது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. உங்கள் 38 மில்லி நொடி அங்கே 38க்குப் பின் ஒன்பது சுழியாக நிற்கும். அதே மைஎஸ்கியூஎல்லில், எந்த வினவலை மெதுவானதாகக் கருத வேண்டும் என்ற அமைப்பை நொடியில் கொடுக்க வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் ‘டோட்டல் எலாப்ஸ்டு டைம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு இடங்களில் நெடுவரிசை இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருப்பவற்றைச் சொல்லும் பட்டியலில் அது மில்லி நொடி, ஓடி முடிந்தவற்றின் கணக்கைச் சொல்லும் பட்டியலில் அது மைக்ரோ நொடி. அதன் புரொஃபைலர் கருவி திரையில் மில்லி நொடியாகக் காட்டும், அதையே கோப்பில் சேமித்தால் மைக்ரோ நொடியாக எழுதும். இவை எல்லாம் ஆவணங்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன, யாரும் ஒளித்துவைக்கவில்லை. ஆனால் எண்ணோடு அலகு பயணம் செய்வதில்லை. எண் மட்டும் கம்பி வழியாக வருகிறது, அலகு ஆவணத்திலேயே தங்கிவிடுகிறது.

நம் ஊர் ஆட்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. காரைக்குடியில் ஒருவர் ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று அர்த்தம், ஆண்டுக்கு 24. வங்கிக்காரர் ‘பன்னிரண்டு சதவீதம்’ என்றால் அது ஆண்டுக்கு. மாதம் என்ற சொல்லை ஒருவரும் சொல்வதில்லை, ஆண்டு என்ற சொல்லை மற்றவரும் சொல்வதில்லை, இருவருக்கும் தெரியும். மூன்றாவதாக வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு எண்களையும் ஒரே பட்டியலில் எழுதினால், 2 சிறியது, 12 பெரியது என்று முடிவுகட்டிவிடுவார். உங்கள் மேலாளருக்கு மில்லி நொடியை விளக்குவதைவிட இதைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ‘விநாடி’ என்று எழுதாமல் ‘நொடி’ என்று எழுதுவது வேண்டுமென்றேதான். பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. அப்படியென்றால் ஒரு விநாடி என்பது 24 நொடி. நம் மொழியிலேயே ஒரு சொல் இரண்டு அளவுகளுக்கு நிற்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது, இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஆரக்கிள் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவுக் கணக்கு முடிப்பு நாளுக்கு நாள் தாமதமானது. வட்டிலிருந்து ஒரு முறை படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கண்காணிப்புத் திரை 1.2 மில்லி நொடி என்று காட்டியது. அந்தக் காலச் சுழலும் வட்டுகளுக்கு அது மிக நல்ல எண். ஆகவே வட்டில் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் வலைப்பின்னலைக் குடைந்தோம், வினவல்களைத் திருத்தி எழுதினோம், பயன் இல்லை. ஒரு நாள் இரவு, வேறு எதற்கோ லினக்ஸ் இயங்குதளத்தின் ஐஓஸ்டாட் கட்டளையை ஓட்டியபோது அதே வட்டுக்கு 12 மில்லி நொடி என்று இருந்தது. 1.2, 12. பத்து மடங்கு. மூலத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆரக்கிளின் கோப்புக் கணக்கில் படிக்கும் நேரம் சென்டி நொடியில் இருக்கிறது. திரையை அமைத்தவர் அதை எண்ணிக்கையால் வகுத்து, மில்லி நொடி என்று பெயர் வைத்துவிட்டார். சேமிப்பகத்தில் ஒரு வட்டு பழுதாகி, அதன் சுமையை மற்ற வட்டுகள் தாங்கிக்கொண்டிருந்தன. மாற்றியதும் கணக்கு முடிப்பு பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்த மூன்று வாரமும் அங்கே இரவுப் பணியில் இருந்தவர்கள் பட்ட பாடு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. உங்கள் திரை நல்லதைக் கெட்டதாகக் காட்டுகிறது, அதனால் யாராவது கேள்வி கேட்பார்கள். கெட்டதை நல்லதாகக் காட்டும் திரையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் அச்சமெல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

அந்த இரவுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. இரண்டு இடங்களில் இரண்டு எண் தெரிந்தால், எது சரி என்று வாதாடுவதற்கு முன் ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுவேன். எத்தனை மடங்கு வித்தியாசம் என்று தெரிந்தால், எங்கே பிசகியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆயிரம் வந்தால் நொடிக்கும் மில்லி நொடிக்கும், அல்லது மில்லிக்கும் மைக்ரோவுக்கும் இடையில் பிசகு. பத்து வந்தால் சென்டி நொடியை மில்லி நொடியாக எடுத்திருக்கிறார்கள், நூறு வந்தால் சென்டி நொடியை நொடியாக எடுத்திருக்கிறார்கள். அறுபது வந்தால் நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த எண்ணிக்கையை நொடிக்கு என்று போட்டிருக்கிறார்கள். எட்டு வந்தால் பிட்டும் பைட்டும் கலந்துவிட்டன. கிராமுக்கும் பவுனுக்கும் உள்ள அதே எட்டுதான். உங்கள் தொழிலில் யாரும் அதை மறக்க மாட்டார்கள், வலைப்பின்னலில் மட்டும் எல்லோரும் மறக்கிறார்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்று வாங்கிய இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் போகும். 45 ஜிகாபைட் காப்புப்பிரதியைத் தேவகோட்டைக்கு அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும், ஏழரை நிமிடம் அல்ல. 8,192 வந்தால், போஸ்ட்கிரெஸ் தரவை எழுதும் 8,192 பைட் பக்கங்களைப் பைட் என்று எண்ணியிருக்கிறார்கள். சரியாக இரண்டு வந்தால், லினக்ஸ் 512 பைட்டாக எண்ணித் தரும் வட்டுத் துண்டுகளைக் கிலோபைட் என்று நினைத்திருக்கிறார்கள். செயலிப் பயன்பாடு 100ஐத் தாண்டி 640 சதவீதம் என்று காட்டினால் அது பிசகே இல்லை. செயலியின் ஒவ்வொரு உட்கருவுக்கும் (கோர்) நூறு என்று எண்ணும் கருவி அது, எட்டு உட்கருவுக்கு 800 வரை போகும். வகுத்து வந்த எண் இவற்றில் எதிலும் அடங்காமல் 3.7, 5.2 என்று இருந்தால், அநேகமாக அது அலகுப் பிசகு அல்ல, வேறு எதையோ அளக்கிறீர்கள்.

பெரிய மடங்குகள் தாமாகவே கண்ணில் பட்டுவிடும். சின்ன வித்தியாசம்தான் ஆளைக் கவிழ்க்கும். வட்டு தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஜிகாபைட் என்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் 1,024ஆகப் பெருக்கி, அதற்கும் ஜிகாபைட் என்றே பெயர் வைக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே 1998இல் 1,024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட் போன்ற புதிய பெயர்கள் வந்தன, ஆனால் பழைய பெயர்கள் எங்கும் போய்விடவில்லை. கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறக்குறைய பத்து. இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு டெராபைட் என்று வாங்கிய வட்டை ஒரு நிரல் 2,000 ஜிகாபைட் என்று எழுதிவைத்திருக்கிறது. தரவின் அளவையோ போஸ்ட்கிரெஸிடம் கேட்டு 1,024 கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 1,024 கணக்கில் அந்த வட்டின் முழுக் கொள்ளளவே 1,863தான். வட்டு முழுதாக நிரம்பி ஒரு பைட்டுக்கும் இடமில்லாமல் போகும் நொடியில் திரை 93 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும். 95 சதவீதத்தில் எச்சரிக்கை வேண்டும் என்று நீங்கள் வைத்திருந்தால் அந்த எச்சரிக்கை என்றைக்கும் வராது. நேரத்தைச் சோதித்து முடித்ததும் உங்கள் வட்டு எச்சரிக்கையையும் இப்படி ஒரு முறை பார்த்துவிடுங்கள். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் ஒரே நிரல் இரண்டையும் சேகரிக்கிறது என்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அமைப்புக் கோப்பிலும் இதே ஆபத்து உண்டு. போஸ்ட்கிரெஸில் அலகு எழுதாமல் வெறுமனே 4096 என்று கொடுத்தால், ‘ஒர்க் மெம்’ என்ற நினைவக அமைப்பில் அது 4,096 கிலோபைட், அதாவது 4 மெகாபைட். ‘ஷேர்டு பஃபர்ஸ்’ என்ற அமைப்பில் அது 4,096 பக்கங்கள், பக்கத்துக்கு 8 கிலோபைட் என்று 32 மெகாபைட். நான்கு ஜிகாபைட் கொடுத்துவிட்டதாக நம்பி 32 மெகாபைட்டில் சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். எண்ணுக்குப் பின்னால் அலகை எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள், எழுதிவிடுங்கள்.

உங்கள் பக்கம் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் கிராஃபானா. அதில் ஒரு கட்டத்துக்கு ‘நொடி’ என்று அலகைத் தேர்ந்தெடுத்தால் அது எண்ணை நொடியாக மாற்றித் தராது. வந்திருக்கும் எண் நொடியில் இருக்கிறது என்று நீங்கள் வாக்குக் கொடுப்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். மாற்றித் தரும் என்று நினைத்து ‘நொடி’யைத் தேர்ந்தெடுப்பது மிகவும் பரவலான தவறு. அதனால், பிசகு நிரலில் இல்லாமல் இந்தக் கட்டத்தில் மட்டும் இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஓர் இடத்தில் மட்டும் திருத்துங்கள். நிரலில் ஆயிரத்தால் வகுத்துவிட்டு, கட்டத்திலும் அலகை மில்லி நொடி என்று மாற்றினால், அடுத்த வாரம் வினவல் 38 மைக்ரோ நொடியில் ஓடுகிறது என்று காட்டும், அது இதைவிட மோசம். நானாக இருந்தால் நிரலிலேயே நொடிக்கு மாற்றி, சேமிக்கும் அளவின் பெயரிலேயே ‘நொடி’ என்று சேர்த்துவிடுவேன். கண்காணிப்பு எண்களைச் சேகரிக்கும் புரோமித்தியஸ் போன்ற கருவிகளின் வழிகாட்டுதலும் அதுதான்: நேரம் என்றால் நொடி, அளவு என்றால் பைட், அலகு பெயரிலேயே இருக்கட்டும்.

எண்ணையும் அலகையும் சேர்த்து எழுதித் தரும் வசதிகளிடமும் கவனம் வேண்டும். அளவை அழகாகக் காட்டும் போஸ்ட்கிரெஸ் செயற்கூறு ஓர் அட்டவணைக்கு ‘9800 எம்பி’ என்றும் இன்னொன்றுக்கு ‘12 ஜிபி’ என்றும் தரும். மனிதர் படிக்க நல்லது. ஒரு நிரல் அதிலிருந்து எழுத்துகளை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்தால் 9800 பெரியது, 12 சிறியது என்று வரிசைப்படுத்திவிடும். மூல எண்ணையே சேமியுங்கள், அழகுபடுத்துவதைக் கடைசித் திரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சந்தேகத்தை நான் மூட விரும்பவில்லை. வட்டிக் கணக்கு வினவல் பகலில் கவுண்டருக்கும், இரவில் எல்லா அடகுகளுக்கும் மொத்தமாகவும் ஓடுகிறது என்றால், இரண்டின் வார்ப்பும் ஒன்றாக இருக்கும்போது நீட்சி அவற்றை ஒரே வரியில் சேர்த்துவிடும். அப்போது சராசரி பகலையும் சொல்லாது, இரவையும் சொல்லாது. 9.5 பதிப்பு முதல் மிகக் குறைந்த நேரம், மிக அதிக நேரம், சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் திட்ட விலக்கம் ஆகியவையும் அதே வரியில் கிடைக்கின்றன. மிக அதிக நேரம் சராசரியைப்போல் ஆயிரம் மடங்கு இருந்தால், அலகைத் திருத்தியதோடு வேலை முடியாது, இரவில் ஓடுவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர்களின் சொல்லையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பார்ப்பது ஒரு கிளையின் ஒரு திரை. கானாடுகாத்தானில் இணைப்பு மெதுவாக இருந்தால் அங்கே நான்கு நொடி காத்திருப்பார்கள், நீட்சியின் கணக்கில் அது வரவே வராது. சர்வருக்குள் வினவல் ஓடும் நேரத்தை மட்டுமே அது எண்ணுகிறது.

சர்வர் வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. பழைய சர்வரின் வயது, நினைவகம், வட்டின் நிலை எதுவும் எனக்குத் தெரியாது. வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். இந்த 38ஐக் காரணமாகக் காட்டி வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். விலைப்புள்ளியின் கெடு எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்குள் ஐந்து நொடிச் சோதனையைச் செய்துவிடுங்கள். திரை 5,000 என்று காட்டினால் அந்தப் படத்தையும் மூல எண்ணையும் அருகருகே ஒரே தாளில் அச்செடுத்து மேலாளரிடம் கொடுங்கள். திரை 5 என்றே காட்டினால் என் ஊகம் தவறு. அப்படியானால் அந்த வினவலின் அழைப்பு எண்ணிக்கை, மொத்த நேரம், மிக அதிக நேரம் மூன்றையும் மூலத்திலிருந்து எடுத்து, எந்த நெடுவரிசையிலிருந்து எடுத்தீர்கள் என்பதோடு எழுதுங்கள், அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.